பக்கத்து பெஞ்சு

இணையவழிப் பாடத்தையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வீடியோ, ஒரே வாத்தியார், இதிலே சாதி எங்கே வந்தது என்கிறார்கள். அந்தப் பிரதி யாரை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறது? தாத்தா காலத்திலேயே பட்டம் வாங்கிய வீட்டுப் பிள்ளையை.

நான் தமிழ்வழியில் பன்னிரண்டாவது முடித்து ஆங்கிலவழி இயற்பியலுக்குப் போனவன். முதல் மாதம் ஒரு எழவும் விளங்கல. கரையேற்றியது பக்கத்து பெஞ்சு. 'டேய், வெலாசிட்டின்னா நம்ம திசைவேகம்தாண்டா' என்று காதில் ஓதினான் ஒருத்தன். தெரிஞ்ச பாடம்தான், பேர்தான் வேறே. நாங்கள் முழிக்கிற முழியைப் பார்த்து வாத்தியாரும் தமிழுக்கு இறங்குவார். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்தக் கள்ளத்தமிழில்தான் எங்களில் பலர் பட்டம் வாங்கினோம்.

2020இல் கல்லூரிகள் மூடியபோது அறுந்துபோனது இது. போன் இல்லை, சிக்னல் இல்லை என்று பேசினோம், நியாயம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா கொடுத்தது. வேண்டியதுதான். பக்கத்து பெஞ்சை எந்த சிம்கார்டில் கொடுப்பது? சந்தேகத்தை சாட்டில், ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். வாயால் கேட்ட தப்பு காற்றோடு போகும். இது 60 பேர் முன்னே பேரோடு நிற்கும். எங்க தெருப் பெண் ஒருத்தி பருவம் முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. 'ஆர்வம் இல்லை' என்று அகமதிப்பெண்ணில் கை வைத்தார்கள்.

கொரோனா ஓய்ந்தது, இந்த வடிவம் ஓயவில்லை. ஒரு பருவப் படிப்பில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2021இல் விதி வைத்தது. அதில் பெரும்பாலும் ஆங்கிலம். 'தமிழிலேயே படி' என்று நமக்கு உபதேசிக்கிறவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள் தமிழ்வழியில் இருக்கிறார்கள்? நமக்கு ஆங்கிலம் வேண்டும். சந்திரபான் பிரசாத் 2010இல் உத்தரப்பிரதேச கிராமம் ஒன்றில் ஆங்கிலத்துக்குக் கோயிலே எழுப்பப் போனார். கோயில் இருக்கட்டும், உள்ளே ஏறிப்போகப் படி எங்கே?

அந்தப் பெண் அப்புறம் தோழியோடு அம்பேத்கர் மன்றத் திண்ணையில் உட்கார்ந்தாள். ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது. ரெண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, இவள் அவளுக்கும் அவள் இவளுக்கும் தமிழில் சொல்லிக்கொண்டார்கள். 40 நிமிடப் பாடம் முடிய ரெண்டரை மணி நேரம் ஆச்சாம். வருகைப்பதிவு 40 நிமிடத்துக்குத்தான்.