கைத்தட்டலுக்கு நிற்காதவர்

இடைவேளையில் காப்பிக் கோப்பையோடு நிற்கும் கூட்டத்தில் இரண்டு பேராவது அதைச் சொல்லிவிடுகிறார்கள்: "நல்ல நடிகை, டைமிங்தான் இல்லை." யாரைச் சொல்கிறேன் என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாமல் தமிழ் நாடகம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். தோட்டத்துக் கதைகளில் அம்மா வேடத்துக்கு இன்று அவரை விட்டால் ஆளில்லை. அரங்கமே கைதட்டும்போது அவர் நிற்காமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார், வசனம் சத்தத்தில் முழுகிவிடுகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. இந்த வட்டாரத்தில் டைமிங்கை முழுதாகப் புரிந்துவைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பது என் கட்சி.

கைத்தட்டல் ஏறும்போது பேசாதே, உச்சி தாண்டி இறங்கும்போது அடுத்த வரியை எடு. ஒத்திகைக்கு வரும் எந்தப் புதியவருக்கும் சொல்லித்தரும் பாடம் இது. நம்மவர்கள் அதை இன்னும் நீட்டிவிட்டார்கள். வீச்சான வசனம் முடிந்ததும் மேடையின் முன்விளிம்புக்கு வந்து, முகவாயைத் தூக்கி, சத்தம் முழுசாக ஓயும்வரை நிற்கிறார்கள். அந்தச் சில விநாடிகளில் அப்பனோடு சண்டைபோட்ட மகன் காணாமல் போய்விடுகிறான். பாராட்டு வாங்கும் நடிகர் மட்டுமே தெரிகிறார். அதற்குப் பிறகு கோபத்தை முதலிலிருந்து கிளப்ப வேண்டியிருக்கிறது.

அவர் செய்வதைக் கவனியுங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வா என்று மகன் கூப்பிடுகிறான். ஒரே வரியில் மறுக்கிறார். அரங்கம் அதிர்கிறது. அந்த நேரம் எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் கையைப் பார்ப்பேன். மகன் கட்டிவைத்த துணிமூட்டையின் முடிச்சில் விரல் ஏற்கெனவே இறங்கியிருக்கும். முடிச்சு இறுகியிருக்கிறது, நகத்தால் நெம்புகிறார், கண் மேலே வருவதே இல்லை. தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்போது மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கைகள் தானாக மடிக்கு இறங்குகின்றன. அந்தச் சத்தத்துக்கு மேல் அவர் போடுவது மகனைக் கூப்பிடும் "ஏய்யா" மட்டும். முதல் "ஏய்யா" யாருக்கும் கேட்பதில்லை. இரண்டாவது கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக விழுகிறது. முழுகினால் நஷ்டமில்லாத சொல்லை அவர் முன்கூட்டியே அங்கே வைத்திருக்கிறார். இதையா டைமிங் இல்லை என்கிறோம்?

நம் காதுக்கும் இதில் பங்குண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து இசைநாடகத்தில் பாட்டு பிடித்துப்போனால் ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்பார்கள். கதை நின்று, பாட்டு மறுபடி நடக்கும். கப்பலேறி மலாயாவுக்கு வந்த நாடகக் குழுக்கள் அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தன. இங்கே பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகத்திலும் காட்சி மாறும் இடைவெளியில் திரைக்கு முன்னால் 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்று பாட்டும் ஆட்டமும் தனியாக உண்டு. பிறகு வானொலி நாடகம் வந்து குரலையே நடிப்பாக்கியது. ஆகவே வசனத்துக்குத் தட்டுவது நமக்கு ரத்தத்தில் ஊறிய மரியாதை. அந்த மரியாதையை நான் குறை சொல்லமாட்டேன். அதற்காகக் கதையை நிறுத்துகிறவர்களோடுதான் என் சண்டை.

அரங்கின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும். செந்தூலில் பழைய ரயில்வே கட்டடத்தை ஒட்டி 2005-இல் திறந்த கேஎல்பேக் கலை மையத்தின் பெந்தாஸ் 1 அரங்கில் 504 இருக்கைகள். தட்டல் சட்டென்று ஏறி சட்டென்று விழும். இஸ்தானா புடாயாவின் பங்கோங் சாரியில் 1,412 இருக்கைகள். மாடியிலிருந்து சத்தம் பிந்தி வரும், கீழே அடங்கிய பிறகும் மேலே உருளும். ஒரே அவகாசம் இரண்டுக்கும் பொருந்தாது. மியூசிக்கல் என்றால் சிக்கல் இரட்டிப்பு. பாட்டின் கடைசி அடியை ஓங்கி அடித்து முடிப்பதே தட்டலை வரவழைக்கத்தான். தட்டல் ஓயும்வரை வாத்தியக் குழு நாலு தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருக்கும். அங்கே நடிகர் அவசரப்பட்டால் இசை நடத்துநரின் கையும் குழம்பும். இதைக் காட்டித்தான் "பெரிய மேடைக்கு இவர் தாங்கமாட்டார்" என்கிறார்கள்.

தாங்குவார். பெரிய மேடையில் அவர் தன் முறையை மாற்றமாட்டார், வேலையை மட்டும் நீட்டுவார். மூட்டைக்கு இரண்டாவது முடிச்சு விழும், கூப்பிடும் சொல் மூன்றாகும். பாட்டென்றால் கடைசி அடிக்கு முன்பே நடக்கத் தொடங்கியிருப்பார். காத்திருக்கும் இசை அவர் நடைக்குப் பின்னணியாகிவிடும். நல்ல இசை நடத்துநர் ஒருவர் அதை முதல் ஒத்திகையிலேயே பிடித்துக்கொள்வார்.

இன்னும் இரண்டு சீசனில் இளையவர்கள் இதைக் காப்பியடிப்பார்கள். முதலில் மோசமாக அடிப்பார்கள்: வேலை இல்லாமல் அவசரம் மட்டும் வரும், முக்கியமான வரியே முழுகும், அந்தப் பழியும் அவர் தலையில் விழும். அதற்கடுத்து நாடகம் எழுதுகிறவர்கள் விழித்துக்கொண்டு, பெரிய வசனத்துக்குப் பின்னால் கைக்கு ஒரு வேலையை எழுத்திலேயே வைப்பார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரசிகர்கள் கொஞ்சம் முனகுவார்கள். பாட்டுக்கும் பரதத்துக்கும் பழகிய அரங்குக்கு முடிவில் நின்று வணங்குவதுதான் முறை. கிள்ளான் முதலில் ஏற்றுக்கொள்ளும். கிள்ளான்காரன் என்பதால் சொல்லவில்லை. எங்கள் மண்டபங்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள், மூட்டை அவிழ்க்கிற அம்மாவை வீட்டில் பார்த்தவர்கள். முன்விளிம்புக்கு வந்து நிற்கும் நாயகர்களுக்கு அடுத்த ஆண்டும் தட்டல் கிடைக்கும். ஆனால் அவர்கள் நிற்கும்போது அவர் பின்னால் எதையாவது மடித்துக்கொண்டிருந்தால், அரங்கம் அங்கேதான் பார்க்கும்.