கூற்றும் பாவலனும்: கீசர் பட்லரின் பாடல்கள்

பாட்டின்கண் ‘நான்’ என்று பேசுவோன் வேறு. அப்பாட்டை யாத்த புலவன் வேறு. இவ்வேறுபாட்டை அகப்பாடல் பயின்றார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. தலைவி கூற்றாக வரும் பாட்டை ஆண்பாற் புலவர் பாடியிருத்தல் கண்டு நாம் மயங்குவதில்லை. ஆயின் இசையோடு கலந்து மேடையில் ஒருவர் வாயினின்று பிறக்கும் பாட்டிற்கு இத்தெளிவு எளிதில் வாய்ப்பதில்லை. பாடுவோரே பேசுவோர் என்றும், பேசுவோர் கருத்தே பாட்டின் கருத்து என்றும் கொள்ளுதல் கேட்போர் இயல்பு. அதனால் விளையும் பிழை எத்துணைப் பெரிது என்பதற்கு, ஹெவி மெட்டல் என வழங்கும் இசைவகையின் முன்னோடியாகிய ‘பிளாக் சப்பாத்’ குழுவின் பாடல்கள் தக்க சான்று. அக்குழுவில் பேஸ் கித்தார் இசைத்தவரும், தொடக்ககாலப் பாடல்களுட் பெரும்பாலானவற்றை எழுதியவருமாகிய கீசர் பட்லரை முன்னிறுத்தி அப்பிழையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வாழ்வும் சூழலும்

டெரன்ஸ் பட்லர் 1949ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சார்ந்த ஆஸ்டன் பகுதியிற் பிறந்தார். ‘கீசர்’ என்பது வழங்குபெயர். பெற்றோர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர், உழைத்துண்ணும் குடும்பத்தினர். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சிற் சிதைந்த கட்டடங்கள் அப்பகுதிச் சிறுவர்க்கு விளையாட்டிடமாய் இருந்தன. இளமையில் சமயப்பற்று மிக்கிருந்த பட்லர் தாமும் குருவாதல் வேண்டும் என எண்ணியதுண்டு. பின்னர்க் கணக்கர் பணி பயின்றார். அதனை விடுத்து இசையை நாடினார்.

1968இல் டோனி அயோமி, பில் வார்ட், ஆஸி ஆஸ்பர்ன் ஆகியோருடன் குழு அமைந்தது. முன்பு கித்தார் இசைத்த பட்லர், அயோமி ஒருவரே கித்தாருக்குப் போதும் என்றமையால் பேஸ் கித்தாருக்கு மாறினார். இம்மாற்றம் சிறிதெனத் தோன்றும். ஆயின் இவர்தம் இடம் யாது என்பதனை அதுவே உறுதி செய்தது. பேஸ் என்பது கேட்போர் உடலால் உணர்ந்து, செவியால் தனித்தறியாத தாழ்குரல். அது கட்டடத்தின் அடிப்படை போன்றது. உள்ளதை எவரும் உணர்வர், நின்று நோக்குவார் இலர்.

முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ‘பாரனாய்ட்’ பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. பட்லரின் வாழ்க்கைக் குறிப்புகள் யாவற்றையும் ஈண்டு நிரல்படுத்தல் நம் நோக்கமன்று. பாடல்களுக்கு வேண்டுவனவற்றையே இனிக் கொள்வோம்.

2. தாழ்குரலின் தொழில்

அயோமி இளமையில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கையில், நரம்பை அழுத்தும் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர். வலி குறைதற்பொருட்டு மெல்லிய நரம்புகளைத் தேர்ந்தார். 1971இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். பட்லரும் உடன் தாழ்த்தினார். இக்குழுவின் கனத்த ஒலிக்கு இவ்விணைவு ஒரு காரணம்.

குழுவில் இரண்டாம் கித்தார் இல்லை. எனவே அயோமி தனித்து வாசிக்கும் இடங்களில் அடியில் ஒலி வெறுமையாகாது காத்தவர் பட்லரே. பெரும்பான்மையும் கித்தாரின் அடியை ஒட்டியே நடப்பினும், கித்தார் மேலெழுந்து செல்லுங்கால் இவர் வாசிப்பு நரம்பை வளைத்தும் இடைவெளிகளை நிரப்பியும் தனக்கென ஒரு வழி காணும். குழுவின் பெயரே தலைப்பாக அமைந்த பாடலின் அச்சந்தரும் சுரவமைப்பிற்கும் ஒரு தோற்றுவாய் உண்டு. பட்லர் ஹோல்ஸ்ட்டின் ‘கோள்கள்’ என்னும் இசைப்படைப்பில் போர்க்கடவுளாகிய செவ்வாயைக் குறித்த பகுதியைப் பேஸில் வாசித்துக்கொண்டிருந்தார். அதன் தூண்டுதலால் அச்சுரவமைப்புப் பிறந்தது என்பர். ஹெவி மெட்டலின் பிறப்பிலேயே போர்பற்றிய அச்சம் உறைந்துள்ளமை இதனாற் புலனாம்.

பாடலியற்றும் தொழிலிலும் இவர் நிலை இதுவே. தொடக்ககால இசைத்தட்டுகளில் பெரும்பாலான பாடல்கள் நால்வர் பெயராலும் ஒருங்கே வெளிவந்தன. இசையாக்கத்திற்கு இது நேர்மையான முறை. ஆயின் சொற்கள் எவருடையன என்பது இதனால் மறைந்தது. சொல்லைக் கேட்டோர் ஆஸ்பர்னின் முகத்தையே கண்டனர்.

3. ‘சாத்தான் வழிபாடு’ என்னும் குற்றச்சாட்டு

இக்குழுவைச் சாத்தானை வழிபடுவோர் கூட்டம் எனப் பலரும் பழித்தனர். பழிக்கு இடமே இல்லை என யாம் கூறவில்லை. பட்லர் இளமையில் மாய மந்திர நூல்களை ஆர்வத்துடன் பயின்றவர். தம் அறைக்குக் கருவண்ணம் பூசித் தலைகீழ்ச் சிலுவைகளைத் தொங்கவிட்டவர். ஓரிரவு விழித்தபோது கட்டிலின் அடிப்புறத்தே கரிய உருவொன்று நிற்கக் கண்டதாகவும், அவ்வச்சத்தால் அம்முயற்சிகளைக் கைவிட்டதாகவும் அவரே உரைத்துள்ளார். குழுவின் பெயரைத் தாங்கிய பாடலுக்கு அடிப்படை இந்நிகழ்ச்சியே. அப்பாட்டில் பேசுவோன் அஞ்சி நடுங்கிக் கடவுளின் துணையை நாடுகின்றான், வழிபடுகின்றானல்லன். முதல் இசைத்தட்டின் உள்ளுறையில் தலைகீழ்ச் சிலுவை பொறித்ததும் குழுவினர் அறியாது வெளியீட்டாளர் செய்த செயலாம். குழுவினர் கழுத்தில் அணிந்தவையோ ஆஸ்பர்னின் தந்தை செய்து தந்த நேர்ச்சிலுவைகள்.

‘என்.ஐ.பி.’ என்னும் பாட்டையே குற்றஞ்சாட்டுவோர் பெரிதும் காட்டுவர். அதில் ‘நான்’ என்று பேசுவோன் லூசிபர் என்னும் சாத்தான். மானிடப் பெண்ணொருத்தியைக் காதலித்து, அக்காதலால் தான் மாறியதைக் கூறுகின்றான். இது பாத்திரத்தின் கூற்று. பாத்திரத்தின் கூற்றைப் புலவன் கொள்கையாகக் கொண்டதே பிழைக்கு வேர். தலைப்பின் மூன்றெழுத்துகளுக்கும் சிலர் சமயப்பகைப் பொருள் கற்பித்தனர். உண்மையில் அது முரசறைவோராகிய வார்டின் தாடி பேனா முள்ளைப் போன்றிருந்தமையால் எழுந்த நகைச்சொல்லே. மேலும், நம்பிக்கையை எள்ளுவோரை நேர்நின்று வினவும் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ (1971) என்னும் பாட்டையும் பட்லரே எழுதினார். இதனைக் குற்றஞ்சாட்டினோர் கருத்திற் கொண்டிலர்.

4. ‘வார் பிக்ஸ்’: ஒரு மடக்கு

பட்லரின் பாடல்களுள் முதலிடம் பெறத்தக்கது ‘வார் பிக்ஸ்’ என்பது எம் துணிபு. சூனியக்காரிகள் கூடும் இரவைக் குறிக்கும் ‘வால்புர்கிஸ்’ என்பதே அதன் முதற்பெயர். வியட்நாம் போரில் பிரித்தானியாவும் இழுக்கப்படுமோ என்று இளைஞர் அஞ்சிய காலம் அது. இசைத்தட்டிற்கும் இப்பாட்டின் பெயரையே இட எண்ணியிருந்து, பின்னர் ‘பாரனாய்ட்’ என மாற்றினர். அட்டையில் வாளும் கேடயமும் தாங்கிய உருவம் பழைய தலைப்பின் எச்சமாய் நிற்கின்றது.

இப்பாட்டின் முதலிரண்டடிகளும் ‘மாசஸ்’ என்னும் ஒரே சொல்லால் முடிகின்றன. சொல்லை அச்சொல்லோடே இயைத்தது வறுமை என ஆங்கிலத் திறனாய்வாளர் சிலர் நகையாடினர். ஆயின் முன்னது படைத்தலைவர்களின் திரளைக் குறிப்பது. பின்னது திருப்பலியைத் தலைகீழாக்கிய சூனிய வழிபாட்டைக் குறிப்பது. இரண்டும் இலத்தீனில் வெவ்வேறு வேரினின்று பிறந்த சொற்கள். ஆங்கிலத்தில் ஒலியால் ஒன்றாயின. வந்த எழுத்தே மீண்டும் வந்து வேறு பொருள் பயப்பதை மடக்கு என நம் அணிநூலார் வகுத்துப் போற்றினர். பிரெஞ்சுச் செய்யுள் மரபும் இத்தகைய இயைபை விலக்கவில்லை. எனவே இதனைக் குற்றம் என்றல் ஒரு மரபின் அளவுகோலை எல்லாவற்றிற்கும் இட்டு அளத்தலாகும்.

மடக்கு ஈண்டு வெறும் ஒலியணியும் அன்று. குருவாக விழைந்த சிறுவனுக்குத் திருப்பலி உலகின் தூய செயல். படைத்தலைவர் கூட்டமும் அதன் தலைகீழ் வடிவும் ஒரே சொல்லாக ஒலிக்கும்போது, போர் என்பது திருப்பலியைக் கெடுத்தல் என்னும் அறக்கருத்துச் சொல்லாமலே பெறப்படுகின்றது. பாட்டின் முடிவில் தீர்ப்புநாள் வருகின்றது, போரை மூட்டியோர் மண்டியிட்டு இரக்கின்றனர், சாத்தான் நகைக்கின்றான். சாத்தான் இங்கு வழிபடு பொருளல்லன், தண்டனையின் அறிகுறி. சமயப் பேருரையாளர் ஒருவரின் அமைப்பே இப்பாட்டில் உள்ளது.

அதே இசைத்தட்டிலுள்ள ‘ஹேண்ட் ஆஃப் டூம்’ வியட்நாமினின்று மீண்ட அமெரிக்கப் படைவீரர் ஹெராயினுக்கு அடிமையானதைக் கூறுவது. படைத்தளங்களில் இசை நிகழ்த்தியபோது வீரர்வாய்க் கேட்டறிந்த செய்தியே அதன் கரு. ஆயின் மறு ஆண்டிலேயே கஞ்சாவைப் புகழும் ‘ஸ்வீட் லீஃப்’ இக்குழுவினின்று வெளிவந்தது. இம்முரணை மறைத்தல் திறனாய்வாகாது. அறம் உரைக்கும் குரல் எப்போதும் ஒரு சீராய் நின்றதில்லை. 1976, 1978 ஆண்டுகளின் இசைத்தட்டுகளில் பாடல்களின் செறிவும் தளர்ந்தது.

5. கேளாச் செவிகள்

‘பாரனாய்ட்’ என்னும் பாட்டு, இசைத்தட்டின் நீளத்தை நிரப்புதற்பொருட்டு இறுதியில் விரைந்து யாத்தது. தனித்தட்டாக வெளிவந்து பிரித்தானியாவில் நான்காம் இடம் பெற்றது. தலைப்புச் சொல் பாட்டினுள் ஓரிடத்தும் வரவில்லை. பாட்டின் பொருள் ஐயநோயன்று; உளச்சோர்வு. பட்லர் நெடுங்காலம் அந்நோயால் வருந்தியவர். ஐயநோய்க்கும் உளச்சோர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அந்நாளில் தாம் அறியாதிருந்ததாகக் கூறியுள்ளார். தம் நோய்க்குப் பெயரறியாத இருபது வயது இளைஞர் பிறிதொரு நோயின் பெயரைத் தலைப்பாக இட்டார் என்பதே உண்மை. இங்கு மட்டும் பேசுவோனும் பாவலனும் ஒருவரே. ஆயின் கேட்டோர் அதனை ஆஸ்பர்னின் களியாட்டப் பாட்டாகக் கொண்டாடினர்.

‘அயர்ன் மேன்’ இதனோடு வைத்து எண்ணத்தக்கது. எதிர்காலத்திற்குச் சென்று உலகின் அழிவைக் கண்டவன் எச்சரிக்க மீள்கின்றான். மீளும் வழியில் இரும்பாகின்றான். அவனை எவரும் பொருட்படுத்தவில்லை. அச்சினத்தால் தான் கண்ட அழிவைத் தானே விளைக்கின்றான். எச்சரிக்கை கேட்கப்படாதபோது எச்சரித்தவனே கேடாதல் இதன் கரு. பட்லரின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றினும் கேளாமையே அடிக்கருத்தாய் ஓடுகின்றது என யாம் கருதுகின்றோம்.

இக்கருத்துக்கு உரம் சேர்ப்பது, குழுவினின்று பன்முறை விலகியும் மீண்டும் சேர்ந்தும் வாழ்ந்த பட்லரின் பிற்காலப் பாட்டொன்று. 2013இல் ‘13’ என்னும் இசைத்தட்டு வந்தது. 1970க்குப்பின் பிரித்தானியாவில் இக்குழு பெற்ற முதல் முதலிடம் அதுவே. அதில் ‘காட் இஸ் டெட்?’ என்னும் பாட்டின் தலைப்பு வினாக்குறியுடையது. பேசுவோன் கடவுள் இறந்தார் என்னும் குரல்களைக் கேட்டுத் தடுமாறி, முடிவில் அதனை நம்ப மறுக்கின்றான். வினாக்குறியை விடுத்துப் படித்தோர் மீண்டும் கடவுட்பகை என்றே கொண்டனர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தும் பழம்பிழை மாறவில்லை.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை: பட்லரின் பாடல்கள் தீமையைப் பாடுவன, தீமையைப் போற்றுவனவல்ல. கத்தோலிக்கச் சமயப் பயிற்சி அவற்றின் உருவகங்களுக்கு ஊற்று. சொல்லாட்சி எளிமையாயினும், சிறந்த இடங்களில் எளிமையே பொருளாழத்திற்குத் துணையாகின்றது. கூற்றையும் பாவலனையும் பிரித்தறியாமையே இவர்க்கு நேர்ந்த பழிக்கு முதற்காரணம். வழியிசையாளர் மேடையில் மறைந்து நின்றமை அதற்குத் துணைக்காரணம்.

2025ஆம் ஆண்டு சூலை 5ஆம் நாள், பட்லர் பிறந்த ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் அரங்கில் முதற்குழுவினர் நால்வரும் இறுதியாக ஒருங்கே இசைத்தனர். அம்மாதம் 22ஆம் நாள் ஆஸ்பர்ன் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அச்சொற்களுக்கு உடலாய் நின்ற குரல் ஓய்ந்தது. அக்குரல் தந்த உயிர்ப்பை எவரும் மறுத்தற்கில்லை; அதுவன்றேல் அச்சொற்கள் உலகைச் சென்றடைந்திரா. ஆயினும் இனியேனும் அப்பாடல்களைக் கேட்போர், பாடியவரின் குரலுக்கு அடியில் நின்று ஒலிக்கும் மற்றொருவரின் குரலையும் கேட்டல் வேண்டும். இசையில் அவர் நின்ற இடமும் அதுவே. சொல்லில் அவர் நின்ற இடமும் அதுவே.