படத்தைப் படம் பிடித்த கதை

2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்கெனக் கட்டாயமாக்கப்பட்ட செல்பேசிச் செயலியில் என்னென்ன தில்லுமுல்லு நடக்கிறது என்று அமைச்சகமே அதில் பட்டியல் போட்டிருந்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள். பட்டியலில் இருக்கும் தலைகளும் படத்தில் இருக்கும் தலைகளும் ஒத்துப்போவதில்லை. ஆண், பெண் கணக்கு இடிக்கிறது. ஒரே ஆள் பல வருகைப் பட்டியல்களில் நிற்கிறார். எல்லாவற்றையும் தூக்கியடிக்கும் ஒன்று: ஆட்களைப் படம் எடுக்காமல், ஏற்கெனவே எடுத்த படத்தையே படம் எடுத்து ஏற்றிவிடுகிறார்கள்.

இதற்கு அமைச்சகம் எழுதித் தந்த மருந்துதான் சுவாரசியம். ஊராட்சியில் எல்லாப் படங்களையும் ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்; வட்டாரம், மாவட்டம், மாநிலம் என மேலே போகப்போக அதில் ஒரு பங்கை மறுபடி சரிபார்க்க வேண்டும். மனிதரை நம்ப முடியாது என்று கருவியைக் கொண்டுவந்தவர்கள், கருவியை நம்ப முடியாது என்று மனிதரிடமே திரும்பி வந்திருக்கிறார்கள். நடுவில் நான்கு வருடம் போயிற்று.

தில்லியில் யோசித்த இந்த ஏற்பாடு எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்கக் குஜிலியம்பாறை வசதியான இடம். மாவட்டம் திண்டுக்கல். சட்டமன்றத்துக்கு வேடசந்தூர். நாடாளுமன்றத்துக்குக் கரூர். அதிகாரம் மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கிற இந்த நிலவியல், மனுவோடு அலைகிறவர்களுக்குத்தான் அத்துப்படி. மானாவாரி பூமி. மழை பெய்தால் கடலை, சோளம், பெய்யாவிட்டால் வெள்ளாடு. இளவட்டங்களை வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை வேன்கள் விடிவதற்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். கரிக்காலி சிமெண்ட் ஆலை எல்லோருக்கும் வேலை தந்துவிடாது. மிஞ்சுகிற வயதான பெண்களுக்கு நூறு நாள் வேலைதான் கையில் புரளும் காசு. 2006 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆகவே இந்தப் பகுதிக்கு இதில் இருபது வருட அனுபவம் உண்டு.

செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. அடுத்த வருடம் இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயம் ஆக்கினார்கள். 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் நிலத்தில் நடக்கும் வேலைகள் தவிர மற்ற எல்லா இடத்திலும் கட்டாயம். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். இரண்டிலும் நேரமும் இடமும் தானாகப் பதிவாகும். எடுக்க வேண்டியவர் பணித்தளப் பொறுப்பாளர். அவரும் அதே ஊர்ப் பெண்தான். பெரும்பாலும் சொந்தச் செல்பேசி, சொந்த டேட்டா.

கருவியே கெட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வருகைப் பட்டியலைக் காகித மஸ்டர் ரோலில் எழுதிய காலத்தை யாரும் பொற்காலமாக்க வேண்டாம். செத்தவர் பெயரில் கூலி, வெளியூரில் இருப்பவர் பெயரில் கூலி, மண்வெட்டி பிடிக்க வேண்டிய வேலையை ராத்திரியில் ஜேசிபி முடித்துவிட்டுப் பட்டியல் மட்டும் பகலில் நிரம்புவது எல்லாம் நாடு முழுக்கச் சமூகத் தணிக்கைகளில் வெளிவந்த சங்கதிகள். ஊராட்சியில் செல்வாக்கு உள்ளவர் வீட்டு ஆள் நிழலில் உட்கார்ந்திருந்தாலும் பெயர் விழும். அதைக் கேட்கிற பெண்ணுக்கு அடுத்த வாரம் வேலை விழாது. இடமும் நேரமும் பதிவான ஒரு படம், யோக்கியமாக எடுக்கப்பட்டால், அந்தப் பெண்ணின் பக்கத்துச் சாட்சியாகக்கூட இருக்க முடியும். ஆகவே கேமராவை வைத்ததில் எனக்குக் குறை இல்லை. அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள் என்பதில்தான் குறை.

கொஞ்சம் பின்னே போக வேண்டும். 1990களின் நடுவில் ராஜஸ்தானில் அருணா ராய் உள்ளிட்டோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தினார்கள். அவர்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை: மஸ்டர் ரோலின் நகல். அதை ஊர் நடுவில் வைத்து உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரும், கட்டாத கட்டடத்துக்குப் போட்ட பில்லும் வெளியே வந்து விழுந்தன. 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தின் வேர்களில் ஒன்று அந்த வாசிப்பு. அதே வருடம் நூறு நாள் வேலைக்காக வந்த வேலை உறுதிச் சட்டமும், கிராம சபைதான் சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 17ஆவது பிரிவில் எழுதிவைத்தது. அதாவது, வருகைப் பட்டியல் என்பது தொழிலாளி அதிகாரியைக் கண்காணிக்கிற ஆயுதமாக இருந்தது. செயலி வந்தபின் அதே பட்டியல் அதிகாரி தொழிலாளியைக் கண்காணிக்கிற ஆயுதமாகிவிட்டது. திருட்டு நடந்தது பெரும்பாலும் மேலே. காவல் போட்டது கீழே.

இந்தத் திசை மாற்றம் அன்றாடத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். ஆனால் கையில் வருவது வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தது. ஓவர்சியர் வந்து அளந்து, அளவு குறைந்தால் கூலி குறையும். அளவுக் கூலி என்றால், சித்திரை வெயிலுக்கு முன்னாலேயே வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆட்டை அவிழ்த்துவிடலாம் அல்லவா? முடியாது. பிற்பகல் படத்துக்கு முகம் காட்ட வேண்டும். படத்தில் முகம் இருந்தால் முழுக் கூலி உண்டா? அதுவும் இல்லை, மண்ணை அளப்பார்கள். வேலையின் அளவையும் கேட்பார்கள், ஆள் இருந்த நேரத்தையும் கேட்பார்கள். இரண்டில் எது குறைகிறதோ அதன்படி கொடுப்பார்கள். எந்தத் தனியார் முதலாளிக்கும் தோன்றாத சிக்கனம் இது. டவர் கிடைக்காத ஓடைக்கரையில் படம் ஏறவில்லையென்றால் அன்றைக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். குனிந்து வேலை செய்த உடம்பு இருக்கிறது, வெட்டிய குழி இருக்கிறது, பார்த்த சனம் இருக்கிறது. சர்வரில் இல்லை, ஆகவே இல்லை.

சரி, இவ்வளவு கறாராக நேரத்தைக் கணக்கெடுக்கும் கருவி, கூலி எப்போது வர வேண்டும் என்பதையும் கணக்கெடுக்கிறதா? வேலை முடிந்து 15 நாளுக்குள் கூலி என்பது சட்டம். 2024 கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் மாதக்கணக்கில் கூலி வராமல் நின்றிருந்தது. மாநில முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று சொல்லி மார்ச் மாதம் அப்போது மாநிலத்தை ஆண்ட கட்சியே ஒன்றியம்தோறும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. பணித்தளத்தில் பத்து நிமிடம் பிந்தி வந்தவரைப் பிடிக்கும் தொழில்நுட்பம் நம்மிடம் இருக்கிறது. ஐந்து மாதம் பிந்திய கருவூலத்தைப் பிடிக்கும் செயலியை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுத முடியாத கடினமான மென்பொருள் என்று நான் நினைக்கவில்லை.

இதே மண்ணில் ரேஷன் கடையைப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. குறையில்லாத கதை என்று சொல்லமாட்டேன். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் ரேகை வைக்கும் முறை வந்தது. கடலை உரித்தும், வேலிக்கருவை வெட்டியும் தேய்ந்த விரல்களுக்கு "ரேகை விழல" என்கிற பதில் எல்லா ஊரிலும் கேட்டதுதான். ஆனால் இங்கே மாற்று வழிகள் இருந்தன. பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி, பிறகு கருவிழிப் பதிவு, எதுவும் ஆகாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து. இன்னொன்று முக்கியம்: பில் போட்டதும் குடும்பத்தலைவி செல்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். வாங்காத பருப்புக்கு பில் விழுந்தால் அவருக்குத் தெரியும். அந்தக் கருவியின் கண் கொஞ்சமாவது கடைப்பக்கமும் பார்க்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் இன்னொரு படி மேலே போனது. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கு அரிசியோடு இயந்திரமும் போயிற்று.

மின்னணுத் தராசை பில் இயந்திரத்தோடு இணைத்தபோது நடந்தது இன்னும் ரசமானது. எடை சரியாக இல்லாவிட்டால் பில் விழாது. கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள்: நேரம் இழுக்கிறது, வரிசை நகரவில்லை என்று ஒரு பக்கம், கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக வருகிறது, முதலில் அங்கே சரியாக எடைபோட்டுக் கொடுங்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. வாடிக்கையாளருக்கு எதிரே தராசை வைத்தால் கடைக்காரர் கிடங்கைக் காட்டுகிறார். கிடங்கிலும் அதே தராசை வைத்தால் கிடங்குக்காரர் எதைக் காட்டுவார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் ஏனோ மேலே யாருக்கும் வருவதில்லை.

ஒரே கருவி இரண்டு விதமாகப் பயன்படும் இந்த வேறுபாட்டை ஆய்வாகவே காட்டியவர்கள் உண்டு. பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் பிரியாத ஆந்திரத்தில் ஸ்மார்ட் கார்டு மூலம் நூறு நாள் கூலி கொடுத்ததை ஆராய்ந்தார்கள். கூலி சீக்கிரம் வந்தது, வாங்க அலையும் நேரம் குறைந்தது, கசிவும் குறைந்தது. பின்னர் அதே மூவர் ஜார்கண்டில் ரேஷனுக்கு ஆதார் ரேகையைக் கட்டாயமாக்கியதை ஆராய்ந்தார்கள். ரேகை மட்டும் கசிவைக் குறைக்கவில்லை. வாங்குகிறவரின் செலவும் சிரமமும் கூடின. முன்பே அட்டையோடு ஆதாரை இணைக்காதவர்களுக்குக் கிடைத்துவந்ததில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆய்வாளர்கள் அவர்களே, ரேகை நுட்பமும் ஏறத்தாழ அதுவே. ஆந்திரத்தில் பணத்தைக் கிராமத்துக்கே கொண்டுபோனார்கள், அட்டை இல்லாதவருக்கும் கொடுத்தார்கள். ஜார்கண்டில் ரேகை விழாவிட்டால் அரிசி இல்லை என்றார்கள். கருவி கொடுப்பதற்கா, மறுப்பதற்கா என்று தீர்மானித்தது மென்பொருள் அல்ல, அதற்கு மேலே இருந்த உத்தரவு.

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ரேகை விழவில்லை என்பதற்காக உரியவருக்கு மறுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் தீர்ப்பில் உண்டு. தீர்ப்பு தில்லியில் இருக்கிறது. மறுக்கும்போது எழுத்தில் காரணம் கொடு என்று கேட்க ஊரில் வழி இருந்ததா என்பதே கேள்வி. கலைஞர் மகளிர் உரிமைத்தொகையில் அந்த வழியை வைத்தார்கள். நிராகரித்தால் காரணம் குறுஞ்செய்தியாக வரும், 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். தகுதி பார்க்க மின் கட்டணம், வாகனப் பதிவு, நிலக் கணக்கு என்று அரசு நம் வீட்டைத் துழாவிப் பார்த்ததில் எனக்குச் சங்கடம் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றவர் ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருந்தார். பணித்தளத்தில் படம் ஏறாத பெண்ணுக்கு அந்தக் குறுஞ்செய்திகூட இல்லை.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இணையத்தில் வந்ததை மட்டும் மனம் திறந்து பாராட்டிவிடலாம். கையில் உள்ள செல்பேசியில் தன் புல எண்ணைத் தட்டிப் பார்க்க முடிகிற விவசாயி கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்கிறார். பெயர் மாற்றத்துக்குப் போகும்போது மறுபடி குனிய வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

இதற்கிடையில் திரை இன்னும் இறங்குகிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டு வேலை செய்தது. குடிமக்களின் தரவைக் கையாளும் அரசு அமைப்புகளுக்குத் தாராளமாக விலக்குக் கொடுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய பிரிவைத் திருத்தி, பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று அங்கே இருந்த வாய்ப்பை எடுத்துவிட்டது. நாளை ஒரு ஊராட்சியின் கூலிப் பட்டியலைக் கேட்டால், அது தனிநபர் தகவல் என்று பதில் வரலாம். அந்தப் பெண்ணின் முகம், ரேகை, நின்ற இடம் எல்லாம் அரசிடம் இருக்கும். அவர் பெயரில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பது மட்டும் அந்தரங்கமாகிவிடும்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய வேலை உறுதிச் சட்டத்தின் இடத்தில் விபி-ஜி ராம் ஜி என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நாட்கள் 125 ஆயின; செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் ஏறியது; ரேகை, முகப்பதிவு, செயலி எல்லாம் சட்டத்தின் உடம்போடு சேர்ந்துவிட்டன. படத்தைப் படம் பிடித்த அனுபவத்திலிருந்து தில்லி கற்றுக்கொண்டது இன்னும் கூர்மையான கேமரா வேண்டும் என்பதைத்தான்.

ஆனால் வாராவாரம் விவரங்களைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்பதும், சமூகத் தணிக்கையும் புதிய சட்டத்தில் இருக்கின்றன. குஜிலியம்பாறை ஒன்றியத்தில் இருப்பவர்களும் மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு தீர்மானம் கேளுங்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி, எந்தத் தேதியில் வர வேண்டும், எந்தத் தேதியில் வந்தது, படம் ஏறாமல் போன நாட்கள் எவை, அதற்கு யார் பொறுப்பு என்று எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதற்குச் செயலி வேண்டாம், டவர் வேண்டாம், ஒரு தாளும் பசையும் போதும். ஒட்ட மறுத்தால் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.