எரிந்தடங்கிய கைகள்

கத்தோலிக்க இலக்கியம் பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் கிரகாம் கிரீனின் பெயர் தவறாமல் வந்துவிடும். 1926-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், தம்மைக் 'கத்தோலிக்க நாவலாசிரியர்' என்று பிறர் அழைப்பதை விரும்பியவரல்லர். அவருடைய 'எ பேர்ன்ட் அவுட் கேஸ்' என்னும் நாவல் 1961-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. குருமடத்தில் பயின்ற நாள்களில் அதனை விசுவாசம் இழந்த ஒருவனின் கதையாகப் படித்தேன். அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்தபோது, வேலையை விட்டுவந்த ஒரு செவிலியரின் முகமே பக்கந்தோறும் எதிரே நின்றது. அதற்குக் காரணம் உண்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துத் திருவண்ணாமலை என்றொரு சிற்றூர் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைக் காண மக்கள் திரளும் குன்றின் அடிவாரம் அது. அவ்வூரைச் சேர்ந்த சகோதரி ஒருவர், பெருநகர் மருத்துவமனை ஒன்றின் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் கூடம் ஒன்றில், நெய்த துணியைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தார். ஊர் பலவாறு பேசியது. நானும் ஒன்று சொன்னேன்: "இது வேலை அல்லவே அம்மா, இறையழைத்தல் அல்லவா? விட்டுவிடலாமா?" அவர் விடை கூறவில்லை. அடுத்த சில ஞாயிறுகள் அவரைக் கோவிலில் காணவில்லை.

இனி நாவலுக்கு வருவோம். தலைப்பில் உள்ள சொல் தொழுநோய் மருத்துவத்தோடு தொடர்புடையது. விரல்களும் கால்விரல்களும் சிதைந்துபோனபின் நோய் அடங்கிவிட்ட நிலையை அது குறிக்கும். நோயாளி குணமானவரே, ஆனால் இழந்தவை திரும்பா. அவரே 'எரிந்தடங்கியவர்'. 1959-இல் காங்கோவின் யோண்டா தொழுநோய் இல்லத்தில் தங்கிப் பார்த்தவற்றைக் கொண்டு கிரீன் இந்நாவலை எழுதினார்.

கோவில்கள் கட்டிப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் குவெரி, படகு அதற்கு மேல் செல்லாத இடத்தில் உள்ள தொழுநோய் இல்லத்தில் வந்து இறங்குகிறார். தொழிலில் பற்றில்லை, அன்பு செய்யவும் இயலவில்லை, செபமும் வரவில்லை. விரல்கள் அனைத்தையும் இழந்த தேயோ கிராசியாஸ் என்பவன் அவருக்குப் பணியாளனாகிறான். உடலில் எரிந்தடங்கிய ஒருவனையும் உள்ளத்தில் எரிந்தடங்கிய ஒருவரையும் அருகருகே நிறுத்தியதே இந்நாவலின் உயிர்நிலை.

கிரீன் எழுதிப் பல ஆண்டுகள் கழித்து, 1974-இல், ஃப்ராய்டன்பெர்கர் என்னும் உளவியலார் இதே சொல்லை மருத்துவப் பணியாளர்களின் நிலைக்குப் பயன்படுத்தினார். நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையத்தில் தன்னார்வத்தோடு உழைத்தவர்கள் வெறுமையாகிப் போவதை அவர் கண்டார், தம்மிடத்திலும் கண்டார். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நிலைக்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தி வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசத்தல், செயல்திறன் குன்றுதல். அதனை நோய் என்று அந்நிறுவனம் கூறவில்லை. சரிவரக் கவனிக்கப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே கூறியது. ஆகவே, 'ஏன் தாங்கவில்லை?' என்று பணியாளரை மட்டும் கேட்பது நீதியாகாது. 'ஏன் இவ்வளவு ஏற்றினீர்கள்?' என்று ஏற்றியவரையும் கேட்க வேண்டும். 2017 நவம்பரில் சென்னையில் ஒப்பந்தச் செவிலியர் போராடியபோது, அவர்கள் சுட்டிக்காட்டிய மாத ஊதியம் 7,700 ரூபாய் என்பதை மறந்துவிடலாகாது.

நாவலில் குவெரிக்குத் தீங்கு செய்பவர்கள் அவரை வெறுப்பவர்கள் அல்லர், அவரைப் போற்றுபவர்களே. ரைக்கர் என்னும் ஆலை மேலாளரும், தந்தை தாமஸும் அவருடைய வறட்சியைப் புனிதர்களின் ஆன்ம இருள் என்று விளக்குகிறார்கள். 'நான் வெறுமையாக இருக்கிறேன்' என்று அவர் கூறுந்தோறும் அதனையும் தாழ்ச்சி என்றே கொண்டாடுகிறார்கள். பார்க்கின்சன் என்னும் செய்தியாளன் அவரைப் பத்திரிகையில் புனிதராக்குகிறான். கடைசியில் அவரைச் சுட்டுக் கொல்வதும் அதே ரைக்கரின் கைதான்.

இப்பகுதியைப் படித்தபோது எனக்கு உறுத்தியது. மே 12-ஆம் நாள் செவிலியர் தினத்தில், 'வெண்ணிற ஆடை உடுத்திய வானதூதர்' என்று மறையுரையில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! வானதூதருக்கு உறக்கம் வேண்டாம், முதுகுவலி இல்லை, கடன் தவணை இல்லை. ஒருவரைத் தேவதை என்று அழைத்தபின், அவர் களைத்துப்போக உரிமையற்றவராகிவிடுகிறார். நம் புகழ்ச்சி சில வேளைகளில் பூட்டாகிறது.

குவெரிக்கு உதவுபவர்கள் வேறு வகையினர். கடவுள் நம்பிக்கையற்ற மருத்துவர் கொலின் அவரை விசாரிப்பதில்லை. கையளவு வேலை கொடுக்கிறார். இல்லத்துத் தலைவரான குருவும் அவர் உள்ளத்தைக் கிளறுவதில்லை. ஓர் இரவு, காட்டுச் சேற்றில் விழுந்து எழ முடியாமல் கிடந்த தேயோ கிராசியாஸைத் தேடிச் சென்ற குவெரி, விடியும்வரை அவன் அருகிலேயே இருக்கிறார். அவர் அங்கே யாரையும் காப்பாற்றிப் பெருமை பெறவில்லை. உடனிருந்தார், அவ்வளவே. உணர்வு திரும்பத் தொடங்குவது அதன்பிறகுதான்.

நாவலின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். குவெரிக்குப் பணம் உண்டு, பெயர் உண்டு; அனைத்தையும் உதறிவிட்டுப் படகேற முடிந்தது. படிப்புக்கு வாங்கிய கடனும், வயதான பெற்றோரும் உள்ள செவிலியருக்கு அவ்வாறு ஏற முடியாது. காங்கோ மக்களும் பெரும்பாலும் பின்னணியாகவே நின்றுவிடுகிறார்கள். தேயோ கிராசியாஸின் உள்ளத்தை நாம் சில சொற்களுக்கு மேல் அறியோம். இரண்டாம் தொழிலில் ஒருவர் நாள்தோறும் எப்படி நடைபழகுகிறார் என்பதைக் காட்டுமுன் துப்பாக்கிச் சத்தம் கதையை முடித்துவிடுகிறது.

கிரீன் விட்ட அந்த இடத்தை நம் வேலூர் நிரப்புகிறது. 1940-களின் இறுதியில் மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தத் தொடங்கினார். கை நிமிர்ந்தது போதவில்லை. அக்கைக்கு ஒரு தொழில் வேண்டியிருந்தது. ஆகவே புதுவாழ்வு இல்லம் ஒன்று எழுந்தது. அங்கே அவர்கள் தச்சுவேலை முதலியவற்றைக் கற்றார்கள். அவர்கள் பழைய தொழிலுக்குத் திரும்பவில்லையே என்று எவரும் குறை கூறவில்லை. உள்ளத்தில் விரலிழந்தவர்களிடம் மட்டும் நாம் ஏன் பழைய கையைக் கேட்கிறோம்?

இறையழைத்தல் என்பது ஒரு பதவியின் பெயரன்று. சூரைச் செடியின் அடியில் படுத்துச் சாகக் கேட்ட எலியாவை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அவர் உறங்கட்டும் என விட்டார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அதன் பிறகே வழியைக் காட்டினார். நானோ அப்பத்தை மறந்துவிட்டு வழியை மட்டும் காட்டியிருக்கிறேன்.

நாவலை மூடிவைத்த வாரத்தில் அச்சகோதரியின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தவர் பின் சொன்னார்: "படுக்கையிலிருந்த ஒருவர் இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சாமி. ஒரு படுக்கை காலியாயிற்று என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு என்னைக் கண்டு எனக்கே பயம் வந்தது. அதனால்தான் விட்டேன்."

அவர் தொண்டிலிருந்து ஓடியவர் அல்லர்; தம்முள் எஞ்சியிருந்த இரக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறியவர் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. விடைபெறும்போது இன்னொன்றும் சொன்னார்: "இந்தத் துணி யார் காயத்துக்குப் போகுமோ, தெரியாது. இழை விட்டுப்போன துண்டைக் கண்டால் மட்டும் மனசு கேட்கவில்லை, எடுத்து ஒதுக்கிவிடுகிறேன்."

நம் பங்குகளிலும் இப்படித் திரும்பி வந்தவர்கள் இருக்கக்கூடும். அவர்களிடம் காரணம் கேட்குமுன், அமர ஓர் இருக்கையும் குடிக்கத் தண்ணீரும் கொடுப்போம்.