சிகரமும் சமுத்திர மட்டமும்

நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவர்களில் ஒரு விசித்திரமான ரகத்தார் இங்கிலாந்தில் உண்டு. அந்த நாட்டில் எத்தனை கவுண்டிகள் - நாம் ஜில்லா என்று சொல்லலாம் - உண்டோ, அத்தனையிலும் ஆக உயரமான இடம் எது என்று தேடி, அங்கே நடந்து போய் நின்றுவிட்டு வருவது இவர்களுடைய விரதம். வந்த பிறகு அதைப் பற்றி எழுதாமல் இருக்க மாட்டார்கள். நம் வாசகர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு இது தனி இலக்கிய வகையாகவே படுகிறது. அதற்கு ஒரு பெரிய குணமும் ஒரு பெரிய குறையும் உண்டு.

முதலில் குணம். நார்போக் என்பது சமவெளி. அதன் ‘சிகரம்’ பீக்கன் ஹில் என்கிற மேடு. 350 அடி உயரம்கூட இல்லை. இங்கிலாந்திலேயே உயர்ந்த மலையான, 3,200 அடியை ஒட்டிய ஸ்கேபெல் பைக்கில் ஏறிய மனிதர், அதே சிரத்தையோடு இந்த மேட்டுக்கும் போகிறார். பேர்பெற்ற இடம், பேர் இல்லாத இடம் என்கிற பேதம் அவருக்கு இல்லை. நம் பிரயாணக் கட்டுரைகளில் இந்தச் சமநோக்கைத் தேடினால் கிடைக்காது. நம்மவர்கள் ஊட்டிக்குப் போவார்கள். தொட்டபெட்டாவின் உயரம் 8,652 அடி என்று எழுதுவார்கள். மேகம் தவழ்ந்தது, மெய் சிலிர்த்தது என்று முடித்துவிடுவார்கள். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரியோடு கூடவே போய் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ போன்ற விதிவிலக்குகள் மிகவும் குறைவு.

இனி குறை. இந்த எழுத்தை ஜாபிதா ஆட்டிவைக்கிறது. 1891-ல் ஹியூ மன்ரோ என்பவர் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கு ஒரு ஜாபிதா போட்டு வெளியிட்டார். தம் ஜாபிதாவைத் தாமே முழுவதும் ஏறி முடிக்காமல் அவர் 1919-ல் காலமானார். ஆனால் அதை ஏறி முடிப்பதே லட்சியம் என்று கிளம்பியவர்கள் அன்று முதல் இன்று வரை எத்தனையோ பேர். ஒரு மலையில் நிற்கும்போதே அடுத்த மலையில் கண் போய்விடுகிறது. உயரம் ஓர் எண்ணாகிவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து அளந்தது, அந்த மேடு யாருக்கு என்னவாக இருக்கிறது என்கிற கேள்விகள் எழுவதே இல்லை.

இந்தக் கேள்விகள் எனக்கு எழுந்தது, மலையே இல்லாத ஓர் இடத்தில் நடந்ததனால்தான். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நான் பல தடவை நடந்திருக்கிறேன். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் தொழிற்சாலைகள்; நடுவில் சாலையும் குப்பங்களும். தரை எங்கும் தட்டை. சென்னைக்காரர் மலை என்று சொன்னால் நகரத்தின் தெற்குக் கோடியிலுள்ள பரங்கிமலையைத்தான் சொல்லுவார். அதுவும் சுமார் 300 அடிதான்.

ஆனால் அந்தப் பரங்கிமலையை ஒட்டித்தான் 1802-ல் லாம்டன் தம் சர்வேக்கு அடிக்கோடு அளந்தார். அங்கே தொடங்கிய வேலைதான் தலைமுறை தாண்டி இமயமலை வரை போய், எவரெஸ்ட்தான் உலகத்திலேயே உயர்ந்தது என்று கண்டுபிடித்தது. 1909-ல் இந்தியா முழுவதற்கும் உயரக் கணக்கை ஒழுங்கு செய்தபோது, கடல் மட்டம் எது என்று நிர்ணயிக்க எடுத்துக்கொண்ட ஒன்பது துறைகளில் சென்னைத் துறைமுகமும் ஒன்று. மலைக்குப் போகிறவர் எழுதிக்கொள்கிற எண்ணின் பூஜ்யம் இப்படிப்பட்ட கரைகளில் இருக்கிறது.

பூஜ்யத்தில் குடியிருப்பவர்களுக்கு உயரம் என்பது காட்சி பார்ப்பதற்கு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. கரையோரமாக வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. மிச்சத்தைக் காப்பாற்ற வண்டி வண்டியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்று இந்தக் கரையில் நடக்கிறவர் ஏறக்கூடிய உயரம் அந்தக் கல்மேடுதான். அந்தக் கல் கடலில் விளைந்ததல்ல. உள்நாட்டில் எங்கோ ஒரு குன்று குட்டையாகி, இங்கே வந்து கிடக்கிறது. எந்த மலை எத்தனை அடி என்று எழுதும் ஜாபிதாவில் இந்தக் கணக்குக்குப் பத்தி இல்லை.

வேறு மேடுகளும் உண்டு. கொடுங்கையூரில் நகரத்தின் குப்பை பல்லாண்டுகளாகக் குவிந்து மலையானது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து, படகு போன இடத்தை மேடாக்கியது. மேடு உயர்ந்தால் நல்லது என்று எண்ணுகிறவர்கள் அங்கே வலை வீசியவர்களைக் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அந்த நாட்களில், வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஒருவருக்கு ஜில்லாவிலேயே ஆக உயர்ந்த இடம் பக்கத்து வீட்டு மொட்டைமாடிதான்.

ஆகவே இந்த வகை எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழில் அது வர வேண்டும் என்றே விரும்புகிறேன். தமிழ்நாட்டில் இன்று 38 ஜில்லாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆக உயர்ந்த இடத்துக்கு நடந்து போய் யாராவது நிதானமாக எழுதட்டும். ஆனால் ஏறின அடிகளை எண்ணுவதோடு நிறுத்திவிடக் கூடாது. இந்த மேட்டை யார் உண்டாக்கினார்கள், எதை எடுத்து உண்டாக்கினார்கள், யார் எதற்காக இதில் ஏறுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அப்படி எழுத நினைப்பவருக்கு ஒரு யோசனை: முதல் அத்தியாயத்தைத் தொட்டபெட்டாவில் தொடங்க வேண்டாம். ராயபுரத்துக்குப் பக்கத்தில், கடல் மட்டத்தில் இருந்துகொண்டே பெயரில் மேட்டை வைத்திருக்கிற காசிமேட்டில் தொடங்கலாம்.