லூத்தரின் பிரிவும் பிரமாண வழக்கும்

புரொட்டெஸ்டாண்டு மதத்தின் தோற்றங் கூறுவோர் பெரும்பாலும், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டு வெகுண்ட மார்ட்டின் லூத்தர் 1517-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ரோமைத் திருச்சபையினின்று பிரிந்தார் என முடித்துவிடுவர். அந்நாளில் அவர் வெளியிட்ட 95 வாதப்பொருள்களையும் ஒருமுறை படித்தார்க்கு இக்கூற்றின் பொருந்தாமை இனிது விளங்கும்.

அவை கற்றோர் வாதத்திற்கென இலத்தீனில் வகுக்கப்பட்டவை. மாயின்ஸ் நகரத்து அதிமேற்றிராணியார் ஆல்பிரெக்டுக்கு லூத்தரே பணிவான கடிதத்துடன் அவற்றை விடுத்தார். கோயிற் கதவில் ஆணியால் அறைந்தார் என்பது ஐயத்திற்கிடமான செய்தி. பாப்பரசர் பதவி அவற்றுள் மறுக்கப்படவில்லை. உயிர்கள் தண்டமனுபவிக்கும் உத்தரிக்கும் ஸ்தலமும் மறுக்கப்படவில்லை. சீட்டு விற்போர் கொடுமையைப் பாப்பரசர் அறிவாராயின், பேதுரு பேராலயம் எரிந்து சாம்பராவதையே விரும்புவர் என்னுங் கருத்தும் ஆண்டு உளது. பிரியத் துணிந்தவர் இங்ஙனம் எழுதார்.

விற்பனை இழிந்ததே. ஆல்பிரெக்டு பல மேற்றிராசனங்களை ஒருங்கே ஆளும்பொருட்டு ரோமாபுரிக்குச் செலுத்திய பொருள், ஆக்ஸ்பர்க் நகரத்துப் புக்கர் குடும்பத்தாரிடம் பெற்ற கடன். மக்கள் இட்ட காசிற் பாதி அக்கடனுக்கும் பாதி பேராலயப் பணிக்கும் வகுக்கப்பட்டன. மன்னிக்கப்பட்ட பாவத்திற்கு எஞ்சிய தண்டத்தைக் குறைப்பதே அச்சீட்டு என்பது சபையின் கொள்கை. சந்தையில் அவ்வேறுபாட்டை யார் கேட்டார்! எனினும், பிரிவிற்கு இதுவே காரணமாயின், திரெந்து சங்கம் 1562-இல் அக் காசு தண்டுவோர் பதவியையே ஒழித்தபோது பிரிவு நீங்கியிருத்தல் வேண்டும். நீங்கிற்றிலது.

உண்மைக் காரணம் 1519-இல் லைப்சிக் வாதத்தில் வெளிப்பட்டது. எதிர்வாதியாகிய எக் என்பார் மிக நுண்ணியர். கொன்ஸ்தான்சு பொதுச்சங்கத் தீர்ப்பால் 1415-இல் எரிக்கப்பட்ட ஹுஸ் என்பவரின் கொள்கைகளைக் காட்டி, 'இவற்றை ஒப்புகின்றீரோ?' என்று மடக்கினார். அவற்றுட் சில நற்கிறிஸ்துவக் கொள்கைகளே என்றார் லூத்தர். அவ்விடையால், பாப்பரசரேயன்றிப் பொதுச்சங்கமும் தவறும் என்றாயிற்று. எஞ்சிய பிரமாணம் விவிலியம் ஒன்றே. 1520 டிசம்பர் 10-இல் பாப்பரசர் கண்டன ஓலையை அவர் எரித்ததும், 1521 ஜனவரி 3-இல் அவர் சபையினின்று விலக்கப்பட்டதும் இவ்விடையின் பயன்களே. புரொட்டெஸ்டாண்டு என்னும் பெயரோ, 1529-இல் ஸ்பையர் பேரவையில் 6 சிற்றரசரும் 14 நகரத்தாரும் செய்த எதிர்ப்புரையால் வந்தது.

நூலொன்றே பிரமாணமெனின், அந்நூற்குப் பொருள் துணிவார் யார்? எளியோரும் ஓதுமாறு புதிய ஏற்பாட்டை 1522-இல் ஜெர்மன் மொழியில் தந்த லூத்தரின் பெருமையை யாரும் மறுக்கலாகாது. ஆயினும் இவ்வினாவை எழுப்பியவர் ரோமாபுரியார் மட்டுமல்லர். ஸ்பையர் எதிர்ப்புரை நிகழ்ந்த அவ்வாண்டிலேயே, அக்டோபர் மாதம், மார்புர்க் கோட்டையில் லூத்தரும் சூரிச் நகரத்துச் சுவிங்கிலியும் கூடினர். பாப்பரசரை ஒப்புவார் அங்கு ஒருவருமிலர், நூலும் ஒன்றே. பதினைந்து பொருள்களிற் பதினான்கில் உடன்பட்டனர். திருவிருந்தின் அப்பத்தைக் குறித்துக் கிறிஸ்து மொழிந்த வாக்கில் வரும் 'ஆகும்' என்பதொரு சொல், அவ்வாறே ஆதலைக் கூறுமோ, குறிப்பாகச் சுட்டுமோ என்பதில் முரணினர். லூத்தர் அவ்வாக்கியத்தை மேசைமீது சுண்ணத்தால் எழுதிவைத்துக்கொண்டு, அதனின்று ஒரு சொல்லும் நெகிழாது வாதித்தார். சுவிங்கிலி கண்ணீர் மல்க வேண்டியும், அவரைச் சகோதரராக ஏற்க இசையாமலே விடைபெற்றார்.