ஆறு பெட்டி காமிக்ஸ், மூன்று திரைகள்

ஷிப்ட் முடிந்து ஓசூரில் கம்பெனி பஸ் ஏறினால் பர்கூர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அந்த நேரம் முழுக்க எனக்கு டெக்ஸ் வில்லர் காமிக்ஸ்தான். ஃபோனில் பாதி படித்ததை வீட்டில் டேப்லெட்டில் தொடர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் மகளோடு சேர்ந்து பார்க்க வேண்டும். இதற்காகவே மூன்று மாதமாகக் கோம்கா என்ற மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன்.

இது இலவசம், திறமூலம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் அது நூலகம் மாதிரி இயங்கும்; மற்ற கருவிகளில் பிரவுசரைத் திறந்தால் போதும். ஓரமாகக் கிடந்த 4 ஜிபி ரேம் லேப்டாப் ஒன்றில் போட்டேன். தொடங்கச் சற்று நேரம் எடுக்கிறது, அப்புறம் தடங்கல் இல்லை. கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரி தாங்கிக்கொள்கிறது.

உள்ளே போட்டவை எல்லாம் நான் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள், நானே ஸ்கேன் செய்தவை. மொத்தம் ஆறு அட்டைப்பெட்டி. பக்கங்களைப் படங்களாக எடுத்து ஜிப் செய்து, கோப்பின் கடைசியில் சிபிஇசட் என்று மாற்றினால் அது காமிக்ஸ் கோப்பு. முதலில் 150 டிபிஐயில் எடுத்தேன். டேப்லெட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் வசனக் குமிழுக்குள் ‘ண’வின் சுழியும் ‘ன’வின் சுழியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அத்தனையையும் 300 டிபிஐயில் மறுபடி எடுத்தேன். நியூஸ்பிரிண்ட்டின் பழுப்பை வெளுக்கவில்லை. ஸ்பைடர் என்ற நாயகனின் கதைகளில் வரும் கறுப்பு மை அந்தத் தாளின் மேல்தான் எனக்கு அழகு.

உண்மையான சிக்கல் அடுக்குவதில் வந்தது. கோம்கா ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு தொடராக எடுத்துக்கொள்கிறது. ஒரே நாயகனின் கதை இதழ் இதழாக வரும் அமெரிக்க காமிக்ஸுக்கு அது பொருத்தம். நம் தமிழ் காமிக்ஸ் பத்திரிகைகள் அப்படி இல்லையே! 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும் சரி, 1984இல் மாடஸ்டி கதையோடு தொடங்கிய லயன் காமிக்ஸும் சரி, நாயகர்களை மாற்றி மாற்றிக் கொடுத்தவை. இந்த மாதம் டெக்ஸ், அடுத்த மாதம் ஸ்பைடர். நாயகன் பெயரில் ஃபோல்டர் வைத்தால் லயனின் வரிசை எண் சிதறிவிடும். வரிசை எண்ணில் வைத்தால், “அப்பா, ஸ்பைடர் எல்லாம் எங்க இருக்கு?” என்று மகள் கேட்கிறாள்.

கோம்காவின் ‘ரீட் லிஸ்ட்’ இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. ஃபோல்டர்களைப் பத்திரிகை வாரியாக, இதழ் எண்படி வைத்தேன். அதன் மேல் டெக்ஸுக்கு ஒரு பட்டியல், ஸ்பைடருக்கு ஒரு பட்டியல், லாரன்ஸ்-டேவிட்டுக்கு ஒன்று. கோப்பை நகர்த்தாமலே இரண்டு வரிசையும் கிடைக்கின்றன. இந்த ஒரு வசதிக்காகவே தமிழ் காமிக்ஸ் சேர்ப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

கதைத் தலைப்பு, இதழ் எண், ஓவியர் பெயர் எல்லாம் ‘காமிக்இன்ஃபோ’ என்ற சிறு கோப்பாக ஒவ்வொரு ஜிப்புக்குள்ளும் போகின்றன. ஆங்கில காமிக்ஸுக்கு இவற்றை இணையத்திலிருந்து தானாக இழுக்கும் கருவிகள் உண்டு. என்னிடம் இருந்த தமிழ் இதழ்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, கையால் தட்டினேன். ஓர் இதழுக்கு ஐந்து நிமிடம். உழைப்பு வீண்போகாது: நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினாலும் விவரம் கோப்போடு கூடவே வரும். ஒரு எச்சரிக்கை, ஜிப்புக்குள் இருக்கும் படங்களுக்குத் தமிழில் பெயர் வைக்காதீர்கள். பழைய ஜிப் கருவியில் அவை கட்டம் கட்டமாகச் சிதைந்தன. 001, 002 என்று எண் போதும். தமிழ்ப் பெயர் வெளிக்கோப்புக்கு.

வீட்டு வைஃபைக்குள் பக்கக்குறி துல்லியம். டேப்லெட்டில் 64ஆம் பக்கத்தில் மூடினால் லேப்டாப்பில் அதே 64. வெளியே இருந்து வீட்டு லேப்டாப்பை எட்ட டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன், அதுவும் சரியாகவே வேலை செய்கிறது.

பஸ்ஸில்தான் குறை. சூளகிரி பக்கம் சிக்னல் அறுந்து பக்கம் பாதியில் நிற்கும். அதனால் மிஹோன் செயலியில் முன்கூட்டியே இறக்கி வைத்துப் படிக்கிறேன். நான் இதழை முழுதாக முடித்தால்தான் அது ‘படித்தாயிற்று’ என்று கோம்காவுக்குச் சொல்கிறது. பாதியில் நிறுத்திய பக்க எண்ணை அனுப்புவதில்லை. 100 பக்க லயன் என்றால் பர்கூர் வருவதற்குள் முடிந்துவிடும். டெக்ஸின் குண்டு புத்தகங்களுக்கு மட்டும், இறங்கும்முன் பக்க எண்ணை மனதில் வைத்துக்கொள்கிறேன்.